‘வாக்கிங் போங்கப்பா’ என்று அனுப்பினால் மட்டும் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. அம்மாவும் அவரும் திருவாரூரில் இருக்கிறார்கள். ஏழு மாதத்துக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். மூன்று மாதம் பிசியோதெரபி கொடுத்தோம். இப்போது வலது கையில் குச்சியை ஊன்றி வீட்டுக்குள் தானாக நடக்கிறார். பிரஷர், சுகர் மாத்திரைகள் தொடர்கின்றன. பிசியோதெரபி நின்றதிலிருந்து நாள் முழுக்க டிவி முன்னால்தான். ஒரு காலத்தில் தினமும் கமலாலயக் குளத்தைச் சுற்றி நடந்தவர். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறும்போது ‘அப்பா, வாக்கிங் போங்க’ என்று வாட்ஸ்அப் அனுப்புவேன். கட்டைவிரல் படம் பதிலாக வரும். அம்மாவைக் கேட்டால், ‘எங்கடி போனார், நாற்காலியை விட்டே எழுந்திருக்கலை’ என்கிறார். போனில் அழுத்திச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. மெசேஜ் அனுப்பி ஒருவரை நடக்க வைக்க முடியுமா? எப்படி எழுத வேண்டும்?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். ஆனால் இப்போது நீங்கள் அனுப்புகிற மாதிரி அனுப்பினால் நடக்காது. எங்கே, எப்போது, எவ்வளவு தூரம், யார் கூட வருவது என்று நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தால், அந்த முடிவை விடாமல் பிடித்துக்கொள்ள மெசேஜ் நன்றாக உதவும். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். அதனால் உங்கள் மெசேஜ் ஓர் உத்தரவாகத்தான் போய்ச் சேர்கிறது. அவர் கட்டைவிரலைக் காட்டி முடித்துக்கொள்கிறார்.

இதை நம் நாட்டிலேயே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ‘ஸ்பிரின்ட் இந்தியா’ ஆய்வில் 31 மருத்துவமனைகளைச் சேர்ந்த 4,298 ஸ்ட்ரோக் நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு கூட எஸ்எம்எஸ், வீடியோ, அவரவர் மொழியில் ஒரு கையேடு. 2023-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் முடிவு வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மெசேஜ் போன பிரிவில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்கள் அதிகம். குடியையும் சிகரெட்டையும் விட்டவர்களும் அதிகம். ஆனால் மறுபடி ஸ்ட்ரோக் வருவது குறையவில்லை. உடலியக்கத்திலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

என் வேலையில் அன்றாடம் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. மாத்திரை விழுங்குவது ஒரு நிமிட வேலை. மறந்தவருக்கு ஞாபகப்படுத்தினால் போட்டுக்கொள்வார். நடை அப்படி இல்லை. நடக்க வேண்டும் என்பது உங்கள் அப்பாவுக்கு மறந்தா போயிருக்கும்? தெரிந்தும் எழுந்திருக்க முடியாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்னவென்று கேட்காமல் எத்தனை மெசேஜ் போட்டாலும் பலனில்லை.

மெசேஜால் நடை கூடியதற்கும் சான்று இருக்கிறது. சிட்னியின் வெஸ்ட்மீட் மருத்துவமனையில் 710 இதய நோயாளிகளிடம் ‘டெக்ஸ்ட் மீ’ என்று ஓர் ஆய்வு நடந்தது. வாரத்துக்கு நான்கு மெசேஜ் வீதம் ஆறு மாதம் அனுப்பினார்கள். 2015-இல் வெளியான முடிவில் கெட்ட கொழுப்பும் பிரஷரும் இறங்கியிருந்தன, உடற்பயிற்சி கூடியிருந்தது. அந்த மெசேஜ்கள் எல்லோருக்கும் ஒரே அச்சாகப் போகவில்லை. புகைப்பவரா, சைவமா என்பது மாதிரி ஆளைப் பார்த்துப் பொருத்தமானதை அனுப்பினார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இதய நோயாளிக்குப் பெரும்பாலும் கால் நன்றாகவே இருக்கும். ஸ்ட்ரோக் வந்தவருக்குக் காலே கேள்விக்குறி. அதனால்தான் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கென்றே தனியாக 12 வார மெசேஜ் திட்டம் ஒன்றை, ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கினார்கள். பிசியோதெரபி முடிந்து வீடு திரும்பியபின் வருகிற வெறுமையான காலத்துக்கானது அது. உங்கள் அப்பா இப்போது இருப்பது சரியாக அந்தக் காலத்தில்தான்.

சரி, முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அப்பா உங்கள் மெசேஜை முழுதாகப் படிக்கிறாரா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு வந்தால், சிலருக்கு இடது பக்கம் இருப்பதையே கவனிக்காமல் விடுகிற குறை வரும். கண்ணில் கோளாறு இருக்காது. மூளை அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். சாப்பிடும்போது தட்டில் இடது ஓரம் வைத்த பொரியல் அப்படியே மிஞ்சுகிறதா, சவரம் செய்தால் இடது கன்னத்தில் திட்டாக முடி நிற்கிறதா, வாசற்படி தாண்டும்போது இடது தோள் நிலையில் இடிக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். செய்தித்தாளில் ஒரு தலைப்பை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதல் சொல்லை விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம். வாட்ஸ்அப்பில் நமக்கு வருகிற மெசேஜ் திரையின் இடது ஓரத்தில்தான் வந்து உட்காரும். அவர் கண்ணில் பட்டது பாதி வாக்கியமாக இருக்கலாம், கடைசிச் சொல்லாக மட்டும் இருக்கலாம். மகள் அனுப்பியிருக்கிறாள் என்று தெரிந்து கட்டைவிரலைப் போட்டிருப்பார்.

அப்படி இருந்தால் போனின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி, ‘முதலில் சிவப்பைத் தேடுங்கள், அங்கிருந்து படியுங்கள்’ என்று பழக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். ஒரு மெசேஜில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். முடிந்தவரை உங்கள் குரலில் பேசி வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பலாம். இந்தக் குறை இருப்பவரைத் தெருவில் தனியாக விடக்கூடாது. இடது பக்கம் வருகிற பைக் அவருக்குத் தெரியாது. நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அவருக்கு வேலை செய்கிற கை ஒன்றுதான். அந்த வலது கையால்தான் குச்சியைப் பிடிக்க வேண்டும், அதே கையால்தான் போனையும் பிடித்து, அதே கையின் விரலால் தட்ட வேண்டும். போன் வழுக்கிக்கொண்டே போகும். பதிலாகக் கட்டைவிரல் படம் மட்டும் வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு போன் ஸ்டாண்ட் வாங்கி மேஜையில் வைத்துக்கொடுங்கள், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டு.

அப்புறம், விழுந்துவிடுவோமோ என்ற பயம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நடையை நிறுத்துகிறவர்களிடம் நான் அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். ஆனால் அப்பாக்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ‘அசதியா இருக்கு’, ‘வெயிலா இருக்கு’, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றுதான் வெளியே வரும். அதிலும் இத்தனை வருடம் தெருவே பார்க்கக் குளத்தைச் சுற்றி வந்தவர், அதே தெருவில் காலை இழுத்துக்கொண்டு போவதை நாலு பேர் பார்க்க வேண்டுமா என்று கூச்சப்படுவதும் உண்டு. போனில் நீங்கள் அழுத்தும்போது வருகிற கோபம் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். நேரில் இருக்கும்போது, ‘போகும்போது எந்த இடத்தில் தடுமாறும்னு தோணுதுப்பா?’ என்று கேட்டுப் பாருங்கள். வாசல் படி என்பார், திண்ணை ஓரத்துச் சாக்கடை மூடி என்பார், தெருநாய் என்பார். அதையெல்லாம் சரிசெய்ய வழியுண்டு. படிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அடிக்கலாம். ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வார் வைத்த செருப்போ ஒட்டுப்பட்டை ஷூவோ வாங்கலாம். முன்பாதம் தரையில் உரசினால், பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட் காலுக்கு வேண்டுமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்கலாம்.

இனி எவ்வளவு நடப்பது என்பதற்கு வருவோம். ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்று உங்கள் ஊரில் சொல்வார்கள். ஐந்து வேலி என்றால் முப்பத்துமூன்று ஏக்கர் அளவு. அந்தக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்பாவின் மனதில் ‘வாக்கிங்’ என்றால் அதுதான். நீங்கள் ‘வாக்கிங் போங்க’ என்று எழுதும்போது அவருக்குக் கமலாலயம்தான் கண்முன் வருகிறது. முடியாது என்று மனம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அந்த அளவைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டுத் தெருவின் கரண்ட் கம்பங்களை வைத்து எண்ணுங்கள். முதல் வாரம் வாசலிலிருந்து முதல் கம்பம் வரை போய்த் திரும்பினால் போதும். எந்தக் கம்பம் என்பதை அவரே சொல்லட்டும்.

கையில் கட்டுகிற ஸ்டெப் கவுன்டரை வாங்கிக்கொடுக்க நினைத்தால் யோசித்துச் செய்யுங்கள். மெதுவாக, காலை இழுத்து நடப்பவர்களின் அடிகளை அந்தக் கருவி நிறைய விட்டுவிடும். நல்ல காலின் கணுக்காலில் கட்டினால் ஓரளவு சரியாகக் காட்டும். கஷ்டப்பட்டு நடந்துவிட்டு வந்து பார்க்கும்போது திரையில் சொற்ப எண் தெரிந்தால் மனது விட்டுப்போகும். கம்பம் அப்படி ஏமாற்றாது.

அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனும் ஸ்ட்ரோக் அசோசியேஷனும் 2021-இல் தந்த வழிகாட்டுதலில், உடல் இடம் கொடுக்கிற ஸ்ட்ரோக் நோயாளிகள் ஓரளவு மூச்சு வாங்குகிற இயக்கத்தைக் குறைந்தது 10 நிமிடம், வாரத்துக்கு நான்கு தடவையாவது செய்யச் சொல்கிறார்கள். எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் என்று மலைக்க வேண்டியதில்லை. அதிலேயே உங்களுக்குப் பயன்படுகிற இன்னொரு யோசனையும் இருக்கிறது: நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பவர்கள் அரை மணிக்கு ஒருதரம் மூன்று நிமிடம் எழுந்து நின்றாலோ லேசாக அசைந்தாலோ நல்லது. டிவியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ஒரு சீரியல் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் எழுந்து கூடத்தைத் தாண்டி அடுப்படி வரை போய் வரட்டும். எழுந்து உட்காருவதையே ஐந்தாறு தடவை செய்தாலும் தொடைக்கு நல்ல பயிற்சி. நாற்காலி சுவரோரம் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்.

இவ்வளவும் பேசி முடித்தபின்தான் மெசேஜ். காலை ஆறரை உங்களுக்கு வசதியான நேரம். அந்த நேரத்தில் அவர் மாத்திரை, காலைக்கடன் என்று இருப்பார். அவர் செய்யப்போகிற வேலைக்குக் கால்மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு நடப்பது என்று முடிவானால், ஐந்தேகாலுக்கு இப்படி அனுப்பலாம்: ‘அப்பா, வெயில் தாழ்ந்திருக்குமே. இன்னிக்கு ரெண்டாவது கம்பமா, மூணாவதா?’ இதில் போங்கள் என்ற உத்தரவு இல்லை. எது என்று அவர் முடிவு செய்கிறார்.

ஆறு மணிக்கு இன்னொன்று: ‘போயிட்டு வந்துட்டா 1, பாதியில திரும்பிட்டா 2, இன்னிக்கு முடியலன்னா 3. நம்பர் மட்டும் போதும்ப்பா.’ ஒரு விரலில் ஒரு தட்டு. பொய் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனென்றால் 3 என்பதும் ஒத்துக்கொள்ளப்பட்ட பதில்தான்.

அந்த எண் வந்தபின் நீங்கள் எழுதுகிற பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. 2 வந்தால், ‘பாதி போனதும் நல்லதுதான்ப்பா. கால் வலிச்சுதா, மூச்சு வாங்குச்சா?’ 3 வந்தால், ‘சரிப்பா. இன்னிக்கு என்ன தடுத்துச்சு?’ அவர் ‘நாய்’ என்று ஒரு சொல் போட்டால், எதிர்வீட்டு அண்ணனிடம் போன் செய்து அந்த நேரம் வாசலில் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். தன் பதிலைப் படித்துவிட்டு மகள் ஏதோ செய்கிறாள் என்று தெரிந்தால் அவர் மறுபடியும் பதில் போடுவார். ‘ஏன்ப்பா போகலை, இப்படியே இருந்தா எப்படி’ என்று ஒரே ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், அதற்குப் பிறகு தினமும் 1 வரும், நடை இருக்காது.

பாராட்டும்போதும் கவனம். குடும்பத்தைக் கட்டிக் காத்த மனிதருக்கு ‘சூப்பர்ப்பா, வெரி குட்’ என்று குழந்தைக்குப் போடுவது மாதிரி போட்டால் உறுத்தும். ‘போன வாரம் ரெண்டு கம்பம், இந்த வாரம் நாலு’ என்று கணக்கை மட்டும் எழுதுங்கள். அவருக்கே புரியும். சில நாள், போய்ப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடிகிற மாதிரி ஒன்றைக் கேளுங்கள்: ‘முக்குக் கடையில நாட்டு வாழைப்பழம் வந்திருக்கான்னு பாருங்கப்பா.’ நடப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது, வீட்டுக்கு அவரால் ஒரு காரியமும் ஆகிறது. ஸ்ட்ரோக் வந்த ஆண்களை நோகடிக்கிற பெரிய விஷயம், தன்னால் இனி யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்ற நினைப்பு. அதை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க முடியும்.

தினமும் அனுப்ப வேண்டாம். வாரத்துக்கு நாலு நாள் போதும். ‘நடைப்பயிற்சியின் பத்து நன்மைகள்’ வகை பார்வேர்டுகளை அடியோடு விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது நடையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஊர்க்கதை பேசுங்கள். பழைய பட்டன் போனாக இருந்தால் எஸ்எம்எஸ் அனுப்பலாம், ஆனால் தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகளுக்குத்தான் இடம். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். நீட்டி எழுதினால் சில போன்களில் துண்டு துண்டாகப் போகும்.

நடக்கும்போது போன் வீட்டில் இருக்கட்டும், அல்லது அம்மாவிடம் இருக்கட்டும். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு நடையும் இன்னொரு வேலையும் ஒரே நேரத்தில் செய்வது கடினம். நடந்துகொண்டிருக்கும்போது சட்டைப்பையில் மணி அடித்தால், குச்சியை விட்டுவிட்டுப் போனை எடுக்கப் போவார். அந்த இடத்தில்தான் விழுவார். அதனால் அவர் நடக்கிற நேரத்தில் நீங்களும் போன் செய்யாதீர்கள். அம்மா அவருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் வர வேண்டும். தடுமாறினால் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தாங்கலாம். இடது கையைப் பிடித்து இழுக்கவோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ கூடாது. பலமில்லாத தோள் மூட்டு அதில் நழுவி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும்.

எவ்வளவு வேகம் என்றால், நடந்துகொண்டே அம்மாவுக்கு ஒரு வாக்கியம் பதில் சொல்ல முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. நாடியை எண்ணிப் பார்ப்பதை நம்ப வேண்டாம், சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். சுகர் மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடக்கக்கூடாது. பிரஷரின் மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தாலோ, நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தாலோ அன்று நடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் புதிதாகத் தளர்ந்தாலோ தாமதிக்காமல் 108. அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அம்மா உங்களுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிசியோதெரபியை அடியோடு நிறுத்தியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. செலவுதான் காரணம் என்றால், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா போய்ப் பெயரைக் கொடுக்கலாம். வருகிறவரிடம் இந்தக் கம்பக் கணக்கைக் காட்டினால், அடுத்து எவ்வளவு கூட்டலாம் என்று அவரே சொல்வார்.

ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பேரன் பேத்தி வந்தால்கூட முகம் மலராமல், ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்கிற மாதிரி பேச்சு வந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மருந்து இருக்கிறது. அந்த நிலையில் மெசேஜ் திட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அடுத்து ஊருக்குப் போகிற சனி, ஞாயிறில் அப்பாவோடு நீங்களே ஒருதரம் முதல் கம்பம் வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் குச்சி தயங்குகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்தால்தான் ஓசூரிலிருந்து எழுதும்போது சரியாக எழுத முடியும். பன்னிரண்டு வாரம் செய்துவிட்டு, அவராகவே எழுந்து கிளம்புகிற நாட்கள் கூடும்போது மெசேஜை வாரத்துக்கு இரண்டாக, பிறகு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். அடுத்த இலக்கு என்னவென்று அப்பாவையே கேளுங்கள். ஆழித் தேரைப் பார்க்கக் கீழவீதி வரை போக வேண்டும் என்று அவர் சொன்னால் மறுக்க வேண்டாம். தேரோட்டத்தன்று கூட்டத்தில் வேண்டாம், தேர் நிலையில் நிற்கிற இன்னொரு சாயங்காலம் பார்த்துக் கூட்டிப் போங்கள். நடுவில் உட்கார ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.